தேவாரத்தைக் கதையோடு கற்பித்தல்: சிறுவர் வகுப்பு நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

கோயில் மண்டபத்திலோ வீட்டுக் கூடத்திலோ ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களைக் கூட்டித் தேவாரம் சொல்லிக்கொடுப்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவ்வகுப்புகளில் பெரும்பாலும் இரண்டு வேலைகள் தனித்தனியே நடக்கின்றன. ஒரு பக்கம் பதிகங்கள் மனப்பாடமாகின்றன. இன்னொரு பக்கம் நாயன்மார் கதைகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு நீதி ஒட்டப்பட்டு, சொல்லப்படுகின்றன. “கூற்றாயினவாறு விலக்ககலீர்” என்று கணீரென்று பாடும் பிள்ளையிடம், இதைப் பாடியவருக்கு அப்போது உடம்பில் என்ன வலி என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறது. திலகவதியார் தம் தம்பி அப்பருக்குத் திருநீறு கொடுத்த கதையை அழகாகச் சொல்லும் பிள்ளைக்கோ, அந்தச் சூலைநோய் தீரத் திருவதிகையில் பாடிய பாட்டு தனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் என்பது தெரிவதில்லை.

தேவாரத்தைப் பொறுத்தவரை கதை என்பது ஒரு பாட்டு பிறந்த சந்தர்ப்பம். எந்த ஊரில், எந்த இக்கட்டில், யார் முன்னால் அந்தப் பாட்டு எழுந்தது என்பதைச் சொல்வதே கதை. ஆகவே பாட்டையும் கதையையும் ஊரையும் ஒரே பாடமாகக் கட்டிக் கொடுப்பதுதான் இங்கே சொல்லப்போகும் முறை. ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறேன். வகுப்பு முக்கால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு அரை மணி போதும்.

முதல் பாடம்

தொடக்கத்துக்குச் சீர்காழியை விடப் பொருத்தமான ஊர் இல்லை, ஏனென்றால் அந்தக் கதையின் நாயகனான சம்பந்தருக்கு வயது மூன்று. கதையை “ஞானப்பால் உண்டார்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். தகப்பனார் சிவபாத இருதயர் குளிக்கப் புறப்படுகிறார்; பிள்ளை அழுதுகொண்டு பின்தொடர்கிறது; கோயில் குளத்தின் கரையில் அதை உட்காரவைத்துவிட்டு அவர் தண்ணீருக்குள் மூழ்குகிறார். ஒரு குழந்தைக்கு அந்தக் கணத்தில் தகப்பனார் காணாமல் போய்விட்டார். அது தோணிபுரம் என்றும் பெயர் பெற்ற அந்த ஊர்க் கோயிலின் சிகரத்தைப் பார்த்து “அம்மே, அப்பா” என்று அழுகிறது. அம்மை வந்து பொற்கிண்ணத்தில் பால் கொடுத்துக் கண்ணைத் துடைத்துவிடுகிறாள். தகப்பனார் கரையேறிப் பார்த்தால் பிள்ளையின் வாயோரத்தில் பால் வழிந்திருக்கிறது. யார் கொடுத்த எச்சில் பாலைக் குடித்தாய் என்று சிறு கோலை ஓங்குகிறார். பிள்ளை பதிலாக ஒரு விரலை உயர்த்திக் கோயிலைக் காட்டுகிறது, பாடுகிறது. இங்கே கதையை நிறுத்திவிட்டு நீங்கள் பாட வேண்டும்:

தோடுடைய செவியன் விடையேறியோர் தூவெண்மதி சூடிக்
காடுடைய சுடலைப்பொடி பூசியென் உள்ளங்கவர் கள்வன்

முதல் வகுப்புக்கு இந்த இரண்டு வரி போதும். அப்பா கோலை ஓங்கிக் கேட்ட கேள்விக்குப் பிள்ளை கொடுத்த அடையாளப் பட்டியல் இது என்பதைச் சிறுவர்களே கண்டுபிடிக்கட்டும். காதில் தோடு, ஏறிவரும் காளை, தலையில் வெள்ளைப் பிறை, உடம்பெல்லாம் சாம்பல் என்று ஒவ்வொன்றாக அவர்களையே படம் வரையச் சொல்லலாம். சுவாமி ஆணாயிற்றே, தோடு எப்படி வந்தது என்று எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். அம்மை பாதியாக இருக்கும் திருவுருவத்தைக் காட்ட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. கேட்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

இரண்டாவது வகுப்பில் சீர்காழிக்கு அருகிலேயே உள்ள திருக்கோலக்காவுக்குப் போய்விடலாம். கைகளால் தாளம் போட்டுப் பாடிய குழந்தையின் உள்ளங்கை சிவந்துவிட, இறைவன் பொற்றாளம் கொடுத்த ஊர் அது. தாளத்துக்கு ஓசை கொடுத்தவள் என்பதால் அங்கே அம்மனுக்கு ஓசை கொடுத்த நாயகி என்று பெயர். “மடையில் வாளை பாய மாதரார் குடையும் பொய்கைக் கோலக்காவுளான்” என்று தொடங்கும் அந்தப் பதிகத்தைக் கைத்தாளத்தோடு பாடவைத்தால், தாளம் என்றால் என்ன என்பதைத் தனிப்பாடமாக நடத்த வேண்டியதில்லை. வாளைமீன் துள்ளும் இடத்தில் சின்னப் பிள்ளைகள் தாமும் துள்ளுவார்கள். துள்ளட்டும்.

காதால் கற்பது

எழுத்துத் தெரிந்த பிள்ளையாக இருந்தாலும் புத்தகத்தைக் கையில் கொடுத்துத் தொடங்குவது நல்லதன்று. பாட்டின் சந்தி சேர்ந்த வடிவம் கண்ணுக்குக் கரடுமுரடாகத் தெரியும், காதுக்கு அப்படித் தெரியாது. “கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே” என்பதைப் பார்த்துப் படிக்கும் பிள்ளை நான்கு இடத்தில் தடுக்கும். கேட்டுச் சொல்லும் பிள்ளை தடுக்காது. நீங்கள் ஓர் அடியைப் பாடுங்கள், அவர்கள் இரண்டு முறை திருப்பிப் பாடட்டும். நான்கு அடியும் இப்படி முடிந்தபின், இரண்டிரண்டு அடியாகச் சேர்த்து, பிறகு முழுப்பாட்டாக. ஒரு வாரத்துக்கு ஒரு பாட்டு என்ற வேகம் போதும். ஓராண்டில் நாற்பது பாட்டு மனத்தில் தங்கினால் அது பெரிய சொத்து. பாட்டு நாக்கில் படிந்தபிறகு பலகையில் அதைச் சந்தி பிரித்து எழுதிக் காட்டுங்கள்; அப்போது அவர்களுக்கே பொருளில் பாதி விளங்கிவிடும்.

லகர, ழகர, ளகர வேறுபாட்டை முதல் நாளிலேயே திருத்துவது முக்கியம். ஒருமுறை தவறாகப் படிந்த பாட்டைத் திருத்துவது புதிய பாட்டைக் கற்பிப்பதை விடக் கடினம். ஆனால் பாட்டின் நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள், பிள்ளை அதோடு வாயை மூடிக்கொள்ளும். பாட்டு முடிந்ததும் அந்தச் சொல்லை மட்டும் எல்லோரையும் சேர்த்து மூன்று முறை சொல்லவைத்துவிட்டு மேலே போங்கள்.

தேவாரப் பதிகங்களுக்குப் பண் (இன்றைய இராகம் போன்ற இசை வகை) உண்டு. “தோடுடைய செவியன்” நட்டபாடை. அதை இன்று கம்பீர நாட்டையில் பாடுகிறார்கள். பழம்பஞ்சுரம் இன்றைய சங்கராபரணம். பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் இப்போது தேவையில்லை, உங்களுக்குத் தேவை. நீங்கள் முறையாக இசை கற்காதவராக இருந்தால், உங்கள் ஊர்க் கோயில் ஓதுவாரிடம் போய் ஒவ்வொரு பதிகத்தின் முதல் பாட்டையாவது கேட்டுப் பதிவுசெய்து கொள்ளுங்கள்; ஓதுவார் இல்லாத ஊர் என்றால் தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்றோரின் ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று சினிமா மெட்டில் ஏற்றிப் பாடவைப்பவர்கள் உண்டு. அந்த மெட்டு இரண்டு ஆண்டில் பழசாகிவிடும், அதோடு பாட்டும் போய்விடும்.

இந்தப் பண்கள் நமக்குக் கிடைத்ததே ஒரு கதைதான். தில்லையில் (சிதம்பரத்தில்) பூட்டிய அறைக்குள் இருந்த ஏடுகளைச் செல் அரித்துவிட, எஞ்சியவற்றைச் சோழ மன்னன் மீட்கச் செய்தான் என்றும், நம்பியாண்டார் நம்பி அவற்றைத் தொகுத்தார் என்றும், மறந்துபோன பண்முறையைத் திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்ணிடமிருந்து கேட்டுப் பெற்றார்கள் என்றும் மரபு சொல்கிறது. பத்து வயதுப் பிள்ளைகள் இந்தக் கதையைப் புதையல் கதை கேட்பதுபோல் கேட்பார்கள். அதே நம்பி சிறுவனாக இருந்தபோது திருநாரையூரில் பொள்ளாப் பிள்ளையாருக்கு நைவேத்தியம் வைத்துவிட்டு, சாப்பிடவில்லையே என்று முட்டிக்கொள்ளப் போன கதையை இன்னும் சிறியவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவர்களுக்கென்றே அமைந்த பதிகங்கள்

எந்தப் பாட்டை முதலில் கற்பிப்பது என்பதில் பலரும் புகழ்பெற்ற பாட்டுகளையே தேடுகிறார்கள். என் கருத்தில் புகழைவிட வடிவத்தைப் பார்ப்பது நல்லது. சில பதிகங்களின் அமைப்பே குழந்தையின் மனத்துக்கு ஏற்றதாக இருக்கிறது.

அவற்றில் தலையானது அப்பர் திங்களூரில் பாடிய “ஒன்றுகொலாம்”. திருவையாற்றுக்கு அருகில் உள்ள அந்த ஊரில் அப்பூதியடிகள் என்பவர், தாம் நேரில் பார்த்தேயிராத திருநாவுக்கரசர் என்ற அப்பரின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கும், வழிப்போக்கருக்கு அமைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும், வீட்டில் இருந்த அளவைகளுக்கும்கூடச் சூட்டியிருந்தார். அந்தப் பெயருக்கு உரியவரே ஒரு நாள் வாசலில் வந்து நிற்கிறார். விருந்து சமைத்தாகிவிட்டது, மூத்த பிள்ளை வாழைக்குருத்து அறுக்கத் தோட்டத்துக்கு ஓடுகிறான், பாம்பு கடிக்கிறது. விருந்து கெட்டுவிடக் கூடாதே என்று கடிபட்டதைச் சொல்லாமல் ஓடிவந்து இலையைத் தாயிடம் கொடுத்துவிட்டு விழுகிறான். அப்பர் விஷயத்தை அறிந்து பாடிய பதிகத்தில் முதல் பாட்டு முழுக்க ஒன்று, இரண்டாம் பாட்டு முழுக்க இரண்டு, இப்படியே பத்து வரை எண்ணிக்கொண்டு போகிறது. மூன்றாம் பாட்டில் கண் மூன்று, சூலத்தின் இலை மூன்று, வில்லும் நாணும் கணையும் சேர்ந்து மூன்று, எரித்த புரம் மூன்று. பத்தாம் பாட்டில் சுவாமி அணிந்த பாம்புக்குக் கண்ணும் பத்து, பல்லும் பத்து என்று வருகிறது. பாம்புக்கு எப்படிப் பத்துக் கண் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஐந்து தலைப் பாம்பு என்று ஒரு பிள்ளை கத்துவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பத்துத் தலை இராவணனும் அதே பாட்டில்தான் இருக்கிறான். சிறுவர்களைப் பத்துக் குழுவாகவோ பத்துப் பேராகவோ பிரித்து ஆளுக்கு ஓர் எண்ணின் பாட்டைக் கொடுத்தால், ஒரு பதிகம் முழுவதும் வகுப்புக்கு வந்துவிடும். விஷம் தீர்த்த பதிகம் என்பதால் கதையின் முடிவையும் தனியே சொல்ல வேண்டியதில்லை. பத்தாவது பாட்டு முடிந்ததும் பையன் தூங்கி எழுந்தவன்போல் எழுகிறான்.

மிகச் சிறியவர்களுக்குத் திருவீழிமிழலைப் பதிகம்: “வாசி தீரவே, காசு நல்குவீர், மாசின் மிழலையீர், ஏச லில்லையே.” நான்கு வயதுப் பிள்ளை ஒரே நாளில் சொல்லிவிடும் நீளம். பஞ்சகாலத்தில் அடியார்களுக்குச் சோறிட, சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் பலிபீடத்தில் ஆளுக்கொரு பொற்காசு கிடைக்கிறது. அப்பர் மடத்தில் மட்டும் சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது. சம்பந்தர் மடத்தில் தாமதம். விசாரித்தால், சம்பந்தரின் காசுக்குக் கடைத்தெருவில் வட்டம் (கழிவு) பிடிக்கிறார்கள், அப்பரின் காசை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். புல் செதுக்கும் உழவாரத்தால் கைத்தொண்டு செய்தவர் என்பதால் அவருக்கு நல்ல காசு. குழந்தைகள் இதை மிகச் சரியாகப் புரிந்துகொள்கிறார்கள். அவர்கள் உலகத்திலும் வேலை செய்த பிள்ளைக்குத்தானே முதல் மிட்டாய்.

மூன்றாவது, மயிலாப்பூரில் சம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகம். திருவிழாக்களைப் பார்க்காமலே போய்விடுவாயா என்று இறந்துபோன ஒரு பெண்ணைப் பார்த்துக் கேட்கும் பாட்டு இது. “காணாதே போதியோ பூம்பாவாய்” என்பது பாட்டுதோறும் திரும்பி வருகிறது. ஐப்பசி ஓணவிழா, கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஏழாம் நூற்றாண்டு மயிலையின் திருவிழாப் பட்டியலே அதில் இருக்கிறது. ஐப்பசியில் ஒரு பாட்டு, கார்த்திகையில் ஒரு பாட்டு என்று அந்தந்த மாதம் வரும்போது அந்தந்தப் பாட்டைக் கற்பித்தால், பிள்ளை தெருவில் விளக்குவரிசையைப் பார்க்கும் நாளில் அதன் வாயில் பாட்டும் இருக்கும். அந்தப் பெண்ணின் எலும்பும் சாம்பலும் குடத்தில் இருந்த செய்தியைச் சிறியவர்களிடம் விரிக்க வேண்டாம். பாம்பு தீண்டி இறந்த பெண் மீண்டாள் என்பதோடு நிறுத்தலாம்.

ஆண்டு முழுவதற்குமான வரிசை

அறுபத்துமூவரையும் அகரவரிசையிலோ பெரியபுராண வரிசையிலோ நடத்தத் தொடங்கும் வகுப்புகள் பத்தாவது நாயனாரோடு களைத்துவிடுகின்றன. அவர்கள் இறைவனடி சேர்ந்த நாளைக் கொண்டாடும் குருபூசை நாட்காட்டியைப் பின்பற்றுங்கள். சித்திரைச் சதயத்தில் அப்பர், வைகாசி மூலத்தில் சம்பந்தர், ஆனி மகத்தில் மாணிக்கவாசகர், ஆடிச் சுவாதியில் சுந்தரர் என்று கோடை முதல் நான்கு மாதத்தில் நால்வரும் வந்துவிடுகிறார்கள். ஆவணி ஆயில்யத்தில் நாகப்பட்டினத்து மீனவரான அதிபத்தர், வலையில் விழும் முதல் மீனைக் கடலுக்கே விட்டவர், ஒரே ஒரு மீன் பொன்மீனாக அகப்பட்ட நாளிலும் விட்டவர். புரட்டாசி ரோகிணியில் நந்தனார், ஐப்பசி அனுஷத்தில் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார். தையில் கண்ணப்பர். காரைக்காலம்மையாருக்குப் பங்குனிச் சுவாதி என்றாலும், அவர் கதையை நான் ஆனிப் பௌர்ணமிக்கு நகர்த்திவிடுவேன். காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடப்பது அப்போதுதான், கடையில் மாம்பழமும் கிடைக்கும். இரண்டு மாம்பழத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு சொல்லப்படும் அந்தக் கதையைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

இந்த வரிசையோடு உங்கள் ஊர்ப் பதிகம் ஒன்று கட்டாயம் சேர வேண்டும். கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு அவிநாசி முதலைக் கதை இருக்கிறது: குளத்தில் குளித்த பாலனை முதலை விழுங்கிச் சில ஆண்டுகளான பின் சுந்தரர் வந்து பாட, முதலை அவனை வளர்ந்த பிள்ளையாக உமிழ்ந்தது. கொடுமுடியில் “நற்றவா உனை நான்மறக்கினும் சொல்லும்நா நமச்சிவாயவே” இருக்கிறது. குற்றாலத்துப் பிள்ளைகள் “வம்பார் குன்றம் நீடுயர் சாரல்” என்று தங்கள் மலையையே பாடலாம். இலங்கைப் பிள்ளைகளுக்குத் திருக்கேதீச்சரமும் திருக்கோணமலையும் சம்பந்தர் பாடிய பதிகங்களைக் கொண்ட தலங்கள். கேதீச்சரத்தைச் சுந்தரரும் பாடியிருக்கிறார். அங்கே வகுப்பைச் சீர்காழியிலிருந்து தொடங்குவதற்குப் பதிலாக அந்த இரண்டு ஊர்களிலிருந்து தொடங்குவதே இயல்பு.

தள்ளிவைக்க வேண்டிய கதைகள்

எல்லாக் கதையும் எல்லா வயதுக்கும் ஆகாது. ஆனால் இரத்தம் வருவதா இல்லையா என்பதை அளவுகோலாகக் கொள்வது சரியன்று. கண்ணப்பர் கண்ணை இடந்து அப்புவதை ஆறு வயதுப் பிள்ளைகள் கலங்காமல் கேட்கிறார்கள்; இரண்டாவது கண்ணை எடுக்குமுன் இடம் தெரிவதற்காகக் காலை வைத்துக்கொண்டார் என்னும் இடத்தில் அவர்கள் முகத்தில் வருவது பயமன்று, வியப்பு. அவர் துன்புறுத்தியது தம்மை மட்டும்தான். பெற்றோர் கையால் பிள்ளைக்கோ, பிள்ளை கையால் பெற்றோருக்கோ தீங்கு நேரும் கதைகளைத்தான் தள்ளிவைக்க வேண்டும். சிறுத்தொண்டர் தம் மகன் சீராளனைக் கறியாக்கிய கதையும், சண்டேசர் தந்தையின் காலை வெட்டிய கதையும் அத்தகையவை. சிறுத்தொண்டரைப் பற்றிச் சிறியவர்களுக்கு, பரஞ்சோதி என்ற பெயரில் பல்லவப் படையோடு சென்று வாதாபியை வென்ற தளபதி பிறகு திருச்செங்காட்டங்குடிக்கு வந்து அடியாருக்குச் சோறிட்டு வாழ்ந்தார் என்ற அளவோடு நிறுத்தலாம். சண்டேசரின் கதையில் மண்ணியாற்றங்கரையில் பசு மேய்த்த சிறுவன், மணலால் சிவலிங்கம் செய்து பாலாட்டிய பகுதி போதும். பன்னிரண்டு வயதுக்கு மேல் முழுக்கதையும் சொல்லலாம், ஆனால் அன்று வேறு பாடம் வைக்காதீர்கள். கேள்விகளுக்கு நேரம் வேண்டும்.

நந்தனார் கதையில் தவிர்க்க முடியாத கேள்வி ஒன்று வரும்: அவரை ஏன் உள்ளே விடவில்லை? மழுப்பக் கூடாது. கோயிலின் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்த ஒருவர், சாதியின் பெயரால் அதே கோயிலின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார் என்பதைப் பிள்ளைக்குப் புரியும் சொல்லில் சொல்லிவிடுங்கள். திருப்புன்கூரில் நந்தி விலகியதும் தில்லையில் தீ வளர்த்ததும் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் சொன்னவை. நந்தனாரை வேலைவாங்கி வருத்தும் வேதியர் பெரியபுராணத்தில் இல்லை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனை வழியாக வந்தவர். பெரிய பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டையும், மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 1939 ஜூலையில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நந்தி விலகிய பின்னும் மனிதர்கள் விலக எவ்வளவு காலம் பிடித்தது என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

சம்பந்தர் பதிகங்களின் பத்தாம் பாட்டில் சமணரையும் பௌத்தரையும் கடிந்து பேசுவது வழக்கம். அது அந்தக் காலத்துச் சமயப் பூசலின் மொழி. சிறுவர் வகுப்பில் அந்தப் பாட்டுகளை விட்டுவிட்டுப் பதிகத்தின் ஐந்தாறு பாட்டுகளைத் தேர்ந்துகொள்வதில் குற்றம் எதுவும் இல்லை. மதுரைக் கதையையும் பாண்டியனின் சுரம், திருநீற்றுப் பதிகம், வைகையில் ஏடு எதிரேறிய திருவேடகம் வரையில் சொல்லலாம். சமணர் கழுவேற்றம் பற்றிப் பெரிய பிள்ளை தானே படித்துவிட்டு வந்து கேட்டால், பெரியபுராணம் அப்படிச் சொல்கிறது என்று ஒப்புக்கொண்டு, அதைப் பற்றி அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேளுங்கள்.

“உண்மையாகவே நடந்ததா?”

எட்டு வயதில் ஒரு பிள்ளை இதைக் கேட்கும். அதட்டாதீர்கள். அவசரப்பட்டு விஞ்ஞான விளக்கம் தேடவும் வேண்டாம். சுண்ணாம்புக் காளவாயாகிய நீற்றறைக்குள் அப்பர் ஏழு நாள் வெந்துபோகாமல் இருந்ததற்குக் காரணம் கண்டுபிடிப்பது ஆசிரியரின் வேலையன்று. அதற்குப் பதிலாக, இந்தக் கதையை நமக்குச் சொல்வது யார் என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். மூவரில் அப்பரும் சம்பந்தரும் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. சேக்கிழார் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டு. இடையில் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு. அப்படியானால் பாடியவரே தம் பாட்டில் ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பதுதான் அடுத்த படி.

இந்தத் தேடலைப் பதினொரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு பயிற்சியாகவே வைக்கலாம். “மண்ணில் நல்லவண்ணம் வாழலாம் வைகலும்” என்ற பதிகத்தின் இரண்டாம் பாட்டில் சம்பந்தர், “போதையார் பொற்கிண்ணத் தடிசில்பொல் லாதெனத் தாதையார் முனிவுறத் தானெனை ஆண்டவன்” என்கிறார். பொற்கிண்ணம் இருக்கிறது, தந்தையின் கோபம் இருக்கிறது. திருநீலக்குடிப் பதிகத்தில் அப்பர், “கல்லினோ டெனைப்பூட்டி அமண்கையர் ஒல்லை நீர்புக நூக்க” என்று தம்மைக் கல்லில் கட்டி நீரில் தள்ளியதைத் தாமே சொல்கிறார். முதல் பாடத்திலிருந்து கேட்டுவந்த கதையின் ஒரு துண்டு இப்படிப் பாட்டுக்குள் அகப்படும்போது பெரிய பிள்ளைகளுக்கு வரும் உற்சாகம் தனி. அதன்பிறகு அவர்கள் எந்தப் பதிகத்தைப் படித்தாலும் கதையைத் தேடுவார்கள். கதையில் இருந்து பாட்டில் இல்லாததையும் கவனிப்பார்கள், அதையும் வரவேற்க வேண்டும். எட்டு வயதுக்காரருக்கு இவ்வளவு தேவையில்லை. “சேக்கிழார் அப்படிச் சொல்கிறார், பாட்டு நம்மிடம் இருக்கிறது” என்பதே நேர்மையான பதில்.

கோயிலுக்கு அழைத்துச் செல்லும்போது

மாதம் ஒரு வகுப்பைக் கோயிலுக்குள் நடத்துங்கள். பெரிய சிவாலயங்களில் தெற்குத் திருச்சுற்றில் அறுபத்துமூவர் வரிசையாக நிற்பார்கள். பெயர்ப்பலகையைப் பார்க்காமல் யார் யார் என்று கண்டுபிடிப்பது நல்ல விளையாட்டு. கையில் கிண்ணமும் உயர்த்திய விரலுமாகக் குழந்தை வடிவில் இருப்பவர் சம்பந்தர்; தோளில் உழவாரப்படை சாய்ந்திருந்தால் அப்பர்; கையில் ஏட்டுச்சுவடி என்றால், அறுபத்துமூவரில் ஒருவராக இல்லாவிட்டாலும் நால்வரில் ஒருவராக நிற்கும் மாணிக்கவாசகர்; எல்லோரும் நிற்கும்போது ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் காரைக்காலம்மையார். தஞ்சைப் பக்கம் சுற்றுலா போக முடிந்தால் தாராசுரத்தைத் தவறவிடாதீர்கள்; இரண்டாம் இராசராசன் காலத்து அந்தக் கோயிலின் சுவரில் நாயன்மார் கதைகள் சாண் அளவுச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவிநாசி முதலையையும் பிள்ளைகள் அங்கே தேடிக் கண்டுபிடிக்கலாம்.

அப்பர் குருபூசையை ஒட்டி உழவாரப்பணிக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குவது, எத்தனை முறை கதை சொன்னாலும் வராத ஒன்றைக் கொடுக்கும். முன்கூட்டியே கோயில் அலுவலகத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்குத் திருச்சுற்றில் புல் பிடுங்குவதும் சருகு அள்ளுவதும் தக்க வேலை. சுவரைச் சுரண்டுவது, கல்வெட்டில் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது, சிற்பங்களுக்கு எண்ணெய் பூசுவது ஆகியவற்றுக்கு அவர்களை விடக் கூடாது. பெரியவர்களையும் விடக் கூடாது.

போட்டிகளைப் பற்றி ஒரு சொல். ஒப்புவித்தல் போட்டிக்குத் தயாராகும் பிள்ளை வேகத்தைக் கற்கிறது, பண் போய்விடுகிறது. போட்டிக்குப் பதிலாகப் பஞ்சபுராணம் பாடுவதை ஆண்டின் இலக்காக வையுங்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. முடிவில் “வான்முகில் வழாது பெய்க” என்னும் வாழ்த்து. தொடக்கத்திலும் முடிவிலும் “திருச்சிற்றம்பலம்” சொல்ல வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாட்டும், வாழ்த்தை எல்லோரும் சேர்ந்தும் என்று பிரித்துக்கொண்டால் ஒருவர் தடுமாறினாலும் நிகழ்ச்சி நிற்காது. குருக்களிடமும் ஓதுவாரிடமும் முன்தினமே பேசி, தீபாராதனைக்குப் பின் எந்த இடத்தில் பாட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சுருதிப் பெட்டியைப் பிள்ளைகளின் குரலுக்கு ஏற்ற கட்டையில் வைத்து, அதே சுருதியில் இரண்டு வாரம் பயிற்சி கொடுங்கள்; அன்று காலையில் மாற்றாதீர்கள். ஒலிபெருக்கி இல்லாமல் பாடினாலும் மண்டபத்துக்குப் போதும். வைத்தே ஆக வேண்டும் என்றால், ஒலிவாங்கியின் தண்டைக் கடைசிப் பிள்ளையின் உயரத்துக்கு முன்பே இறக்கிவைக்கச் சொல்லிவிடுங்கள்.